ஏரி வண்டலும் தோட்ட மண்ணும்

முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. எனினும் அம்முறையில் தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவரைத் தோட்ட வாரியத்திலும் அறுவரை ஏரி வாரியத்திலும் அமர்த்தினர் என்னும் செய்தியே வேளாண் வரலாற்றுக்குக் கூடுதலாக உதவுகிறது. ஏரியின் பராமரிப்புக்கென ஏரிப்பட்டி எனப்பட்ட நிலங்களைச் சோழர் காலத்து ஊர்கள் ஒதுக்கியிருந்தன. அந்த ஆவணங்களின் கவலையெல்லாம் நீரைப் பற்றியது. ஏரியில் படிந்த தூர் அங்கே தொல்லையாகவே தோன்றுகிறது. உழவர் வழக்கிலோ அதுவே வண்டல் என்னும் எரு.

நீர்ப்பிடிப்பு மேடுகளின் மேல்மண்ணை அரித்து வரும் மழைவெள்ளம், ஏரிக்குள் நுழைந்து வேகம் தணிந்ததும், கனமான மணலை முகப்பிலேயே விட்டுவிட்டு, நுண்ணிய களித்துகளைக் கரையோர ஆழப்பகுதி வரை கொண்டு சேர்க்கிறது. களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உடையதாதலால் சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம், சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், மக்னீசியம் ஆகியவை அதில் ஒட்டிக்கொண்டு, வேர் கேட்கும்போது வெளிப்படுகின்றன. மக்கிய இலைதழையும் கால்நடைச் சாணமும் அவற்றோடு சேர்கின்றன. சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்ததும், வண்டலை வெட்டி மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்று செம்மண் தோட்டக்கால்களில் குவியல் குவியலாகக் கொட்டுவர். வெயிலிலும் கோடை மழையிலும் கட்டிகள் உதிர்ந்த பின் பரப்பி உழுவர். கத்தரியும் மிளகாயும் நட்ட மணற்பாங்கான நிலத்தில் ஈரமும் சத்தும் ஒருங்கே தங்கியதால் வண்டலுக்கு மதிப்பிருந்தது; ஏற்கெனவே இறுகிய களிநிலத்தில் அதைக் கொட்டுவது வீண்வேலை. ஆட்டுக்கிடை போட்டுத் தழைச்சத்தை ஈடுசெய்வதும் இதனோடு இணைந்து நடந்த வழக்கம்.

வண்டலை அனைத்தும் தரும் அருமருந்தாகப் போற்றுவது மிகை. மேட்டு மண்ணிலேயே இல்லாத சத்து வண்டலிலும் இராது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும். நெற்பயிரைத் தாக்கிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்பதை, 1966இல் வெளியான ஆய்வில், பந்த்நகரைச் சேர்ந்த நேனே என்னும் அறிவியலாளர் விளக்கிய பின்னரே இத்தகைய நுண்சத்துக் குறைகள் இந்திய வேளாண்மையில் பரவலாகக் கவனம் பெற்றன.

பைகளில் வந்த இரசாயன உரம் வண்டியையும் ஆள்கூலியையும் மிச்சப்படுத்தியபோது வண்டலின் தேவை குறைந்தது. தோட்டத்துக்காக நடந்த தூர்வாரலும் அதனோடு தளர்ந்தது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கி, உழவர் இலவசமாக வண்டல் எடுக்கவும் வழிசெய்தது. ஆயினும் மண்வெட்டியால் மேற்படிவை மட்டும் சீவி எடுத்த வேலையைப் பொக்லைன் ஏற்றபின், வண்டலோடு அடியிலுள்ள சத்தற்ற சவுடும் லாரியில் ஏறிவிடக்கூடும்.