இமயப் பனியளவீடு

மலையுச்சிகளில் குளிர்காலத்தில் படியும் பனியை அளந்து, அது உருகி வருங்கால் ஆறுகளுக்கு எவ்வளவு நீர் சேரும் என்று முன்கூட்டியே அனுமானிக்கும் முறை. புதுப்பனி இலேசானதும் பழம்பனி இறுகிக் கனத்ததுமாதலால், ஆழம் மாத்திரம் அறிந்து பயனில்லை. உருக்கினால் எத்தனை அங்குல நீர் தேறும் என்பதே கணக்கு. பனியைக் குழாயால் துளைத்தெடுத்து நிறுக்கும் வழியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெவாடாவில் வகுத்த ஜேம்ஸ் சர்ச், தொழிலால் லத்தீன் பேராசிரியர்.

இந்தியாவிலோ, பனியை நிறுப்பதற்கு முன்னரே அதைக்கொண்டு மழைக்குக் குறி சொல்லத் தொடங்கிவிட்டனர். தென்னாட்டார் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் 1876–78ஆம் ஆண்டுகளின் க்ஷாமத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதை முன்னறிய வழியுண்டா என்று அரசாங்கம் வினவியபோது, 1875இல் நிறுவப்பட்ட வானிலை இலாகாவின் தலைவர் ஹென்றி பிளான்போர்டு இமயத்தை நோக்கினார். வசந்தத்தில் பனி மிகுந்தும் காலந்தாழ்ந்தும் பெய்தால், வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று நீடித்து, தென்மேற்குப் பருவமழை குன்றும் என்பது அவர் அபிப்பிராயம். அவருக்குக் கிடைத்த ஆதாரம் தராசில் நிறுத்த எடையன்று. மலைநாட்டு உத்தியோகஸ்தர்கள் கண்ணால் கண்டு எழுதிய செய்திகளே. எனினும் 1882 முதல் 1885 வரை அவர் பரீட்சார்த்தமாக வெளியிட்ட அனுமானங்கள் பெரும்பாலும் பலித்தன. இக்கொள்கையை அவர் 1884இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வாயிலாகப் பிரசுரித்தார். 1886 ஜூன் 4இல் முதல் அதிகாரபூர்வமான பருவமழை முன்னறிவிப்பு வெளிவந்தது. அஞ்சல் கடிதங்களிலிருந்து ஒரு தேசத்தின் மழையைக் கணிக்கத் துணிந்த அவ்வூக்கம் வியக்கத்தக்கதே.

அவருக்குப் பின்வந்த ஜான் எலியட், இந்துமாக் கடலின் நிலையையும் கணக்கில் சேர்த்தும், 1899இன் கடும் வறட்சியை உணரத் தவறினார். எலியட்டுக்குப் பின்வந்த கில்பர்ட் வாக்கர் 1909இல் வகுத்த சூத்திரத்தில் பனி நான்கு காரணிகளுள் ஒன்றாயிற்று. பிற்காலத்தில் இச்சம்பந்தம் நிலையானதன்று என்று சிலர் ஐயுற்றனர். 1976இல் ஹான், சுக்லா என்னும் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் தரவுகளைக்கொண்டு யூரேசியப் பனிக்கும் இந்திய மழைக்கும் தொடர்பு காட்டினர். பனி காரணமா, வேறொன்றன் அறிகுறியா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு.

இந்தியாவில் ஆற்றுநீர்க் கணிப்புக்கான பனியாராய்ச்சி பின்னரே வளர்ந்தது. சட்லெஜின் பக்ரா அணைக்கு வரும் உருகுநீரை மதிப்பிடச் செயற்கைக்கோள் படங்கள் பயன்பட்டுள்ளன.

பனிக்குறி தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது; புதுச்சேரிக்கோ மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆகவே பிளான்போர்டின் பனிக்குறி ஊசுடு, பாகூர் ஏரிகளின் நீர்மட்டத்தைச் சொல்ல உதவாது.