குட்டி இருக்கிறது, தாய் எங்கே?

1926ஆம் ஆண்டு லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் ஒரு விசித்திரமான பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்து ஓவியங்களில் இருக்கும் நீள மூக்குச் சிறிய ஸ்பேனியல் நாயைக் கொண்டு வருபவருக்கு 25 பவுண்டு! அந்தச் சாயலில் நாய் கிடைப்பது அதற்குள் அரிதாகிவிட்டது. சப்பை மூக்குதான் அப்போது நாகரிகம். பரிசை வைத்துச் சிலர் பழைய சாயலை மீண்டும் வளர்த்தெடுத்தார்கள். 1945இல் கெனல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதுதான் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்.

பெரிய கண்கள், தொங்கும் காது, யார் மடியிலும் ஏறிக்கொள்ளும் குணம். விரும்பாதவர் யார்? ஆனால் கொஞ்சம் நாய்களிலிருந்தே பெருகிய இனம் என்பதால் பரம்பரை நோய்களும் கூடவே பெருகின. இதய வால்வு கெடுவது ஒன்று. மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல் தண்டுவடத்தில் நீர் கோர்த்துக்கொள்வது இன்னொன்று. 2008இல் பிபிசி ஓர் ஆவணப்படத்தில் இந்த வேதனையைக் காட்டியது. அடுத்த ஆண்டிலிருந்து கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே அது நிறுத்திக்கொண்டது.

பரிசு வாங்க மேடை ஏறுகிற நாய்களின் நிலையே இப்படி. மேடைக்கே வராத நாய்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. செல்லப்பிராணிக் கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்றது 1951 சட்டம். நாய் இனப்பெருக்கத் தொழிலுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்றது 1973 சட்டம். ஒரு வயது ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது, ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் 12 மாத இடைவெளி வேண்டும், வாழ்நாளில் ஆறு ஈற்றுக்கு மேல் கூடாது என்றது 1999 சட்டம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு ஆள் நின்றார். அவர்தான் தரகர்.

எங்கோ ஒரு பண்ணைக் கொட்டகையில் பிறந்த குட்டிகளை அவர் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். குளிப்பாட்டி, கடையிலோ ஒரு வீட்டுக் கூடத்திலோ வைத்து விற்பார். கடை உரிமம் இருந்தால் அது சட்டப்படி சரியான வியாபாரம்தான். வாங்குகிறவர் பார்ப்பது குட்டியை மட்டும். தாய் எந்தக் கூண்டில் கிடக்கிறது என்று கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. தாயைக் காட்ட வேண்டியிராதவரை அதை எப்படி வைத்திருந்தாலும் குட்டியின் விலை குறையப் போவதில்லையே!

அப்படிக் கிடந்த ஒரு தாய்தான் லூசி. இதுவும் கவலியர் இனம்தான். 2013இல் வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்டபோது, நெருக்கமான கூண்டில் வருடக்கணக்காக அடைந்து கிடந்ததால் அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. ரோமம் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. வலிப்பும் இருந்தது. திரும்பத் திரும்பக் குட்டி போட்டதைத் தவிர அதற்கு வேறு வாழ்க்கையே இருந்ததில்லை. மீட்டவர் வீட்டில் மூன்று வருடம் போலச் சுகமாக இருந்துவிட்டு 2016 டிசம்பரில் இறந்தது.

மார்க் ஆபிரகாம் என்ற கால்நடை மருத்துவர் அதன் பெயரிலேயே அடுத்த ஆண்டு பிரசாரம் தொடங்கினார். கேட்டது ஒன்றே ஒன்று: தரகர் விற்பனை கூடாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட, 2018 மே மாதம் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 2020 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் 'லூசி சட்டம்' அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ வியாபாரமாக விற்பதென்றால், அதை ஈன்றெடுக்கச் செய்து வளர்த்தவரே விற்க வேண்டும். வாங்குகிறவர் அந்த இடத்துக்கே போய்த் தாயோடு சேர்த்துக் குட்டியைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாம். 2021இல் வேல்ஸும் இதே வழிக்கு வந்தது.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். சட்டம் வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் கொரோனா ஊரடங்கு தொடங்கியிருந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கெல்லாம் நாய்க்குட்டி ஆசை வந்துவிட்டது. விலை தாறுமாறாக ஏறியது. நேரில் போய்ப் பார்க்கச் சொன்ன சட்டம் வந்த அதே மாதம் யாரும் நேரில் போக முடியாத மாதமாகிவிட்டது! பலர் தாயை வீடியோவில் மட்டும் பார்த்தார்கள், சிலர் அதுவும் பார்க்கவில்லை.

தரகர்களும் சும்மா இருக்கவில்லை. குட்டிகளுக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ கொண்டு வந்த ஒரு பெண் நாயைப் படுக்க வைத்து 'இதுதான் தாய்' என்று காட்டுவது அவர்களுடைய பழைய தந்திரம். வாங்கப் போகிறவர் கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும். எட்டு வாரத்துக்கு முன் ஈன்ற நாயின் மடி இன்னும் தளர்ந்து தொங்கும். குட்டிகள் தாமாகவே அதனிடம் ஓடும். வாடகைத் தாய் குட்டிகளைக் கிட்ட வர விடாது, உறுமும், கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.