ஏலத்தில் வீரனுக்கு வாய் உண்டா?

ஐ.பி.எல். ஏலம் நெருங்கினால் மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பக்கமெல்லாம் ஒரு காய்ச்சல் பரவும். மெஸ் வாசல்ல காபி டம்ளரோட நிக்கிறவர் திடீர்னு ஆடிட்டர் ஆகிடுவார். "சி.எஸ்.கே. கையில இன்னும் எத்தனை கோடி இருக்கு? அவன் பத்துக்கு மேல போனா விட்டுடணும்" என்பார். எந்த டீமுக்கு எவ்வளவு பணம் மிச்சம், யாருக்கு விக்கெட் கீப்பர் தேவை, எல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

இவ்வளவு கணக்கிலும் ஒரு கேள்வி மட்டும் வராது. அந்த வீரன் எங்கே ஆட ஆசைப்படுகிறான்? இன்றைக்கு அந்தக் கேள்வியோட வரலாற்றைத்தான் பேசப்போறோம்.

சம்பளத்துக்கு முன்னாடி வேலை

ஆட்டக்காரரை இழுக்கிற போட்டி சென்னைக்குப் புதுசு இல்லை. பாளையம்பட்டி ஷீல்டுக்கு ஆடுற முதல் டிவிஷன் லீக் இங்கே பல தலைமுறையா நடக்குது. மயிலாப்பூர் ரெக்ரியேஷன் கிளப், மாம்பலம் மஸ்கிட்டோஸ், ஆழ்வார்ப்பேட்டை சி.சி. என்று பேட்டைப் பெயர்களோட இருந்த அணிகள் பக்கத்தில், ஸ்டேட் பேங்க், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி நிறுவன அணிகளும் வந்தன. 1960-களில் ஜாலி ரோவர்ஸை சன்மார் குழுமம் எடுத்து வளர்த்தது. பிறகு இந்தியா சிமெண்ட்ஸும் லீக்கில் இறங்கியது.

அந்தக் காலத்து ஏலத்தொகை ரூபாயில் இல்லை, உத்தியோகத்தில் இருந்தது. வேலை நிரந்தரமா, பி.எஃப். உண்டா, மதியம் பிராக்டிஸுக்கு விடுவாங்களா, ஆட்டம் முடிஞ்ச பிறகும் அறுபது வயசு வரைக்கும் நாற்காலி இருக்குமா? வீட்டில் அப்பா அம்மாவோட உட்கார்ந்து இதையெல்லாம் யோசிச்சு ஒருவர் முடிவு எடுக்கலாம். பணம் குறைவுதான். ஆனால் "அங்கே போறேன், இங்கே வரமாட்டேன்" என்று சொல்ல இடம் இருந்தது.

2008: அந்தப் பதினைந்து சதவீதம்

2008 ஜனவரியில் சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. பிப்ரவரி 20, மும்பையில் முதல் வீரர் ஏலம். சென்னைக்காக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வி.பி. சந்திரசேகருக்கு. தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர், மயிலாப்பூரில் வாழ்ந்தவர்.

ஒரு அணி அன்றைக்கு வீரர்களுக்குச் செலவழிக்க உச்சவரம்பு 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஐந்து பேரும் 'ஐகான்' வீரர்கள். அவங்க ஏலத்துக்கே வரமாட்டாங்க, சொந்த ஊர் அணியில்தான் ஆடுவாங்க. அதோட அணியில் அதிக விலைக்குப் போன வீரரைவிட 15 சதவீதம் கூடுதலா அவங்களுக்குக் கொடுக்கணும். சென்னைக்கு ஐகான் கிடையாது. அது குறை மாதிரித்தான் தெரிஞ்சது.

தோனி பெயர் ஏலத்துக்கு வந்தது. அதற்கு ஐந்து மாசம் முன்னாடிதான் டி20 உலகக் கோப்பையை வென்ற கேப்டன். அடிப்படை விலை 4 லட்சம் டாலர். ஏறி ஏறி, கடைசியில் மோதினது மும்பையும் சென்னையும். இப்போ அந்த 15 சதவீதத்தைப் போட்டுப் பாருங்க. மும்பை 15 லட்சத்துக்குத் தோனியை எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் கொடுக்கணும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போயிடும். மீதி 17.75 லட்சத்தில் ஒரு முழு அணியைக் கட்டணும். சென்னைக்கு அந்தச் சுமை இல்லை. 15 லட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்க்கு, தோனி சென்னைக்காரர் ஆனார். அன்றைய ஏலத்திலேயே அதுதான் உச்ச விலை.

ராஞ்சிக்காரர் ஒருவர் நமக்குத் 'தல' ஆனது இப்படித்தான். பாசம் பின்னாடி வந்தது, முதல்ல வந்தது கணக்கு. அதே ஏலத்தில் முரளிதரனையும் சென்னை 6 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் 2005-லயே சென்னை மாப்பிள்ளை ஆனவர், அது வேற கணக்கு.

அன்றைக்கு இன்னொரு மனசும் உடைஞ்சது. தமிழ்நாட்டுக்காக ஆடி, இந்தியாவுக்கும் ஆடின தினேஷ் கார்த்திக். சென்னை தன்னைத்தான் முதல்ல எடுக்கும் என்று எதிர்பார்த்ததையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோனியை எடுத்தபோது பட்ட வலியையும் அவரே பின்னாளில் பேட்டியில் சொன்னார். அவரை 5.25 லட்சம் டாலருக்கு டெல்லி எடுத்தது. 2008-லிருந்து 2024 வரை 17 சீசன், 6 அணி. மஞ்சள் சட்டையில் ஒரு மேட்ச்கூட இல்லை. 2014-ல் அவர் விலை 12.5 கோடி. விலை ஏறினாலும் ஊர் மட்டும் கிடைக்கலை.

வாய் திறந்தவருக்குத் தடை

இனி ரவீந்திர ஜடேஜா. முதல் இரண்டு சீசன் ராஜஸ்தான் ராயல்ஸில் ஆடினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், வேறொரு அணியோடு நேரடியாகப் பேரம் பேச முயன்றார் என்று 2010 சீசன் முழுக்க அவரைத் தடை செய்தாங்க. அப்போ வயசு 21. உங்க ஆபீஸ்ல இருந்துகிட்டே இன்னொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனதுக்கு ஒரு வருஷம் வேலை செய்யக்கூடாதுன்னா எப்படி இருக்கும்?

2012 பிப்ரவரி. ஜடேஜா திரும்ப ஏலத்துக்கு வந்தார், அடிப்படை விலை 1 லட்சம் டாலர். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் விடாமல் ஏத்தி, இரண்டு பேருமே அனுமதிக்கப்பட்ட உச்சமான 20 லட்சம் டாலரைத் தொட்டாங்க. அப்புறம் ரகசிய டை-பிரேக்கர். ஆளுக்கு ஒரு சீட்டில் கூடுதல் தொகையை எழுதிக் கொடுக்கணும். அதிகம் எழுதினவருக்கு வீரர். சென்னை ஜெயிச்சது. அந்தக் கூடுதல் தொகை வீரருக்குப் போகாது, கிரிக்கெட் வாரியத்துக்குப் போகும். எவ்வளவு என்று வெளியிடவும் இல்லை. பாண்டி பஜார்ல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு தொகை சொன்னாங்க. எவ்வளவு சொன்னாலும் அதில் ஜடேஜாவுக்கு ஒரு பைசா இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

அமெரிக்க பேஸ்பாலும் ஒரு காலத்தில் இதைவிட மோசம். ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டால், விடுவிக்கிற வரைக்கும் நீங்க அவங்க சொத்து. 1969-ல் கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை செயின்ட் லூயிஸ் அணி பிலடெல்பியாவுக்கு மாத்தினாங்க. போகமாட்டேன் என்று வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்டவாழ்க்கை அதற்கு முன்னாடியே முடிஞ்சிருந்தது. ஆனால் 1975 டிசம்பரில் வேறு இரண்டு பந்து வீச்சாளர்கள் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, கதவு திறந்தது. ஒப்பந்தம் முடிஞ்ச வீரர் எந்த ஊருக்கும் போகலாம் என்ற நிலை வந்தது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்காகப் பல அணிகள் மோதின. கடைசியில் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் தருவதாகச் சொன்ன நியூயார்க் மெட்ஸில் கையெழுத்துப் போட்டார். அங்கேயும் ஏலம் மாதிரித்தான். ஆனால் சுத்தியல் வீரர் கையில் இருக்கு.

நம்ம ஏலத்தில் வீரர் 'இந்த அணியில் தொடரமாட்டேன்' என்று சொல்லலாம். 'அந்த அணிக்குத்தான் போவேன்' என்று சொல்ல முடியாது. ஏலம் போன பிறகு வரலைன்னு சொன்ன இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு 2025-ல் இரண்டு வருஷத் தடை.

இதுக்கு நியாயமும் உண்டு, அதையும் சொல்லணும். எல்லாரும் விருப்பப்பட்ட இடத்துக்குப் போனால் பெரிய பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிடும். போட்டி செத்துடும். சமமான உச்சவரம்பு இல்லாட்டி 2008-ல் தோனியே நமக்குக் கிடைச்சிருக்கமாட்டார்.

திரும்பி வந்தவரும் திரும்பிப் போனவரும்

2018-ல் மேற்கு மாம்பலத்து அஸ்வினைத் திரும்ப எடுக்க முயற்சி செய்வோம் என்று தோனியே சொன்னார். 7.6 கோடிக்குப் பஞ்சாப் தட்டிட்டுப் போச்சு. 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்தில் 9.75 கோடிக்குச் சென்னை அவரை எடுத்தது. ஊருக்குத் திரும்பி வர இத்தனை வருஷம் ஆச்சு. ஒரே சீசன், ஐ.பி.எல்.லில் இருந்தே ஓய்வு.

2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர, ஜடேஜா ராஜஸ்தானுக்கே திரும்பினார். 21 வயசில் கதவைத் தட்டினதுக்காகத் தண்டனை வாங்கின அதே வீட்டுக்கு, 36 வயசில் வாசல் வழியா. பரிமாற்றம் என்றால் வீரரோட சம்மதம் வேணும். அந்த ஒரு இடத்திலாவது வாய்க்கு மதிப்பு இருக்கு.

அடுத்த ஏலத்தன்னைக்கு மெஸ் வாசல்ல நீங்களும் கணக்குப் போடத்தான் போறீங்க, நானும் போடுவேன். போடும்போது ஒரு நிமிஷம், 2008-ல் தோனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தச் சென்னைப் பையனையும் நினைச்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.