செப்பேடும் இசைத்தட்டும்: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பழைய வினா

கட்டற்ற மென்பொருளை வலியுறுத்துவோர் தம் கருத்தைப் பரப்பத் தனியுரிமைத் தளங்களைப் பயன்படுத்தலாமா என்பது இன்றும் தீராத வழக்கு. ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை முகநூலில் கணக்கு வைத்துக்கொள்ள மறுத்தது; அதே அறக்கட்டளை ட்விட்டரில் கணக்கு வைத்திருந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 2022 ஜூனில் கிட்ஹப்பைக் கைவிடுமாறு நிரலாளர்களை அழைத்தது. கேட்போர் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பேச வேண்டும் என்பது மறுதரப்பின் வாதம். இரு தரப்பும் நெறியை முன்வைத்தே பேசுகின்றன; வரலாற்றை எடுத்துப் பார்ப்போர் குறைவு. வினாவோ கணினியைவிட மூத்தது. திருப்பதியே அதற்குச் சான்று.

அலிபிரியில் தொடங்கும் படிவழியாகவே இளம்பருவத்து அன்னமாச்சாரியார் திருமலைக்கு ஏறினார் என்பது மரபு. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அவர் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாகச் சொல்லப்படுகிறது. கிடைத்தவை அதில் பாதிக்கும் குறைவு. தாள்ளபாக்கக் குடும்பத்தினர் அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் சேமித்தனர். பாதுகாப்பு என்ற அளவில் அதனினும் உறுதியான ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. ஆனால் 1920களில் ஆய்வாளர் கண்ணில் படும்வரை அப்பாடல்களில் பெரும்பாலானவை வெளியில் வழங்கவில்லை. ஏடு அழியவில்லை, பாட்டு கேட்கப்படவுமில்லை. ஏடுகளில் ராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ஆகவே ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்றோர் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று.

அம்மெட்டுகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது செப்பேடும் அன்று, அச்சுநூலும் அன்று. வணிக நிறுவனமொன்றின் இசைத்தட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தை எச்.எம்.வி. 1963இல் வெளியிட்டது. 1980ஐ ஒட்டித் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் உருவான ‘பாலாஜி பஞ்சரத்னமாலை’யும் அதே நிறுவனத்தின் வழியாகவே வந்தது. அன்னமாச்சாரியாரின் பெயரைத் தமிழகத்து நடுத்தர வீடுகளில் நிலைபெறச் செய்தவற்றுள் இத்தட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சுப்ரபாதத்தை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் 15ஆம் நூற்றாண்டினர்; தோத்திரத்தின்மீது எவருக்கும் உரிமையில்லை. ஒலிப்பதிவின் நிலை வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அதைக் காக்கிறது. அக்கணக்கின்படி 1963ஆம் ஆண்டுப் பதிவு 2023 இறுதிவரை தனியுடைமை.

இதனால் என்ன இழப்பு நேர்ந்தது? அதிகமில்லை என்றே கூற வேண்டும். நிறுவனம் வேலியிட்டது ஒரு குரலுக்கு; மூலத்துக்கன்று. சுப்ரபாதச் சிறுநூல் கோயில் வாசல்களில் விற்றது. எவரும் பாடலாம், வேறெவரும் பதிவு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். பிறருடைய ஊர்தியில் பயணம் போனாலும் வீட்டுச் சாவி வீட்டாரிடமே இருந்தது.

தமிழ்க் கணிமையின் வரலாற்றிலும் இத்தகைய பயணங்கள் உண்டு. தமிழா குழுவினர் வெளியிட்ட எ-கலப்பை இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் எண்ணற்றோரை யுனிகோடில் தமிழ் தட்டச்சிடச் செய்தது. அதன் தொடக்கப் பதிப்புகள் உள்ளே சுமந்திருந்தது டேவுல்டெசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன். அந்நாளில் அது தனியுரிமை மென்பொருள். ஓடியதோ விண்டோஸில். தூய்மை பேணுவோர் அன்றே தடுத்திருந்தால் தமிழ் வலைப்பதிவுகள் அத்தனை விரைவில் பெருகியிருக்குமா என்பது ஐயமே. பின்னர் வந்த 3.0 பதிப்பு கீமேனை விடுத்துக் கட்டற்ற உரிமத்தில் தனி நிரலாக எழுதப்பட்டது. விசைப்பலகை அமைப்பும் எழுத்துக் குறியேற்றமும் கீமேனுக்குச் சொந்தமல்ல. ஆதலால் பயனர் பழகிய விரல்களோடே இடம் மாற முடிந்தது.

இழப்பு நேர்ந்தது வேறிடத்தில், எவரும் சர்ச்சைக்குரியதென்று கருதாத ஓரிடத்தில். லினக்ஸ் திரைமுகப்புகளைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் ‘தமிழினிக்ஸ்’ குழுமம் இயங்கியது யாஹூ குழுமத்தில். அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ் மடலாடற் குழுக்களும் அங்கேயே இருந்தன. ‘ஃபைல்’ என்பதைக் கோப்பு என்பதா, ‘விண்டோ’ என்பதைச் சாளரம் என்பதா என்பன போன்ற கேள்விகள் உயிரோடிருந்த காலம் அது. 2019 இறுதியில் யாஹூ தளத்திலிருந்த பழைய உள்ளடக்கத்தை அகற்றியது. 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடியது. ஆவண ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் படியெடுத்தது ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே தளத்தில் நுழையலாமா என்று கேட்பதைவிட, அங்கே எதை வைக்கிறோம், அதன் படி வெளியில் எங்கே இருக்கிறது என்று கேட்பது பயன் தரும். அறிவிப்பை முகநூலில் இடுவது இசைத்தட்டை ஒத்தது. அறிவிப்பு போனாலும் மென்பொருள் இருக்கும். விவாதத்தையே முகநூலிலும் வாட்ஸப்பிலும் நடத்துவது வேறு. சொல்லாக்கத்தை ஆராயும் மாணவருக்குத் தேவையானது முடிவான சொற்பட்டியல் மட்டுமன்று. தோற்ற சொற்கள் எவை, ஏன் தோற்றன என்பதும்தான். அந்தப் பகுதி இன்று நடந்துகொண்டிருப்பதும் திறவுகோல் பிறரிடமுள்ள அறைகளில். செப்பேட்டறையாவது நானூறு ஆண்டு கழித்துத் திறந்தது.

மொழிபெயர்ப்புகளோ பிழைத்தன, அவை கட்டற்ற உரிமத்தில் கே.டி.இ. களஞ்சியத்திற்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அந்நாளைய கோப்புகள் சிலவற்றின் தலைப்பில் மொழிக்குழுவின் முகவரி என்று தமிழினிக்ஸின் யாஹூ குழும முகவரியே எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரிக்கு இன்று மடல் அனுப்பினால் பெறுவார் இல்லை.