வாக்காளர் பட்டியல் (இந்தியா)

வாக்காளர் பட்டியல் என்பது ஒரு தொகுதியில் வாக்களிக்கத் தகுதி பெற்றோரின் பெயர்கள் அடங்கிய அரசு ஆவணம். அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை வழங்குகிறது. 21 ஆக இருந்த வயது வரம்பு 61ஆம் திருத்தத்தின் வழியே 1989இல் 18 ஆனது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு கூறுகிறது. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருந்தாலும் இதே கதிதான். உரிமை இப்படி ஒரு பதிவைச் சார்ந்து நிற்பதால், பெயரைச் சேர்க்கும் பொறுப்பில் பெரும்பங்கு அரசுக்கே உரியது.

முதல் பொதுத்தேர்தல் அந்தப் பொறுப்பை ஏற்றே நடந்தது. 1951–52 தேர்தலுக்காக அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ 17 கோடிப் பேரைப் பதிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; மனுப் போட்டவர்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவெடுத்திருந்தால் ஏழைகளின் வாக்குரிமை ஏட்டளவில் நின்றிருக்கும். அப்போதும் ஓர் இழப்பு நேர்ந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் செய்தனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பதிவுகள் நீக்கப்பட்டன. பெண்ணைத் தன் பெயராலேயே அறியப்படும் குடிமகளாக நடத்த வேண்டும் என்ற அவரது நிலைப்பாடு சரியானது. ஆனாலும் அந்தக் கொள்கைக்கு அன்று விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்களே.

இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு ஆகியவற்றைக் களையாவிட்டால் கள்ள ஓட்டு பெருகாதா என்று கேட்பதில் நியாயம் உண்டு. களையத்தான் வேண்டும். ஆனால் பெயர் தவறாக நீடிப்பது, தவறாக நீக்கப்படுவது ஆகிய இரு பிழைகளும் ஒரே எடையுடையவை அல்ல. தவறாக நீடிக்கும் பெயரில் ஒருவர் வாக்களிக்க வந்தால் அடையாளச் சோதனை, கட்சி முகவர்களின் ஆட்சேபம், அழியா மை என்று பல தடைகளைக் கடக்க வேண்டும். ஒருவரின் வாக்கை வேறொருவர் முன்பே போட்டுவிட்டால்கூட, உரியவர் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்க விதி இருக்கிறது. தவறாக நீக்கப்பட்டவருக்கோ வாக்குப்பதிவு நாளில் எந்த வழியும் இல்லை. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவரை நீக்கும் முன் அவரது தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இதனோடு பொருந்துகிறது.

அக்கறையுள்ள குடிமகன் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐத் தானே நிரப்பித் தரட்டுமே என்றும் சொல்லப்படுகிறது. நிலையான முகவரியும் ஓய்வு நேரமும் உள்ளவருக்கு அது எளிது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர் ஊராகச் செல்லும் குடும்பத்துக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் கதவைத் தட்டும் நாளில் வீட்டில் இருப்பதே அரிது. 2022 முதல் ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் கணக்கில் கொள்ளப்படுவதால், 18 வயதை எட்டியவர் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இது நல்ல மாற்றம். எனினும் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பெயர் சேர்ப்பு முடிந்துவிடுகிறது. பலர் தம் பெயர் இல்லை என்று அறிவதோ அதற்குப் பிறகுதான்.