கரோலைன் நிகழ்வு (1837)

பிற நாட்டு மண்ணில் செயல்படும் ஆயுதக் குழுவை ஒரு நாடு தற்காப்பு என்ற பெயரில் எப்போது தாக்கலாம் என்ற விவாதத்தில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு. மேல் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் நயாகரா ஆற்றின் நேவி தீவில் முகாமிட்டிருந்தனர். அமெரிக்கக் கரையிலிருந்து அவர்களுக்கு ஆட்களையும் தளவாடங்களையும் ஏற்றிச்சென்றது கரோலைன் என்ற நீராவிக் கப்பல். டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் ஆற்றைக் கடந்து, நியூயார்க் கரையில் நின்ற அக்கப்பலுக்குத் தீவைத்து நீரோட்டத்தில் விட்டனர். அமெரிக்கர் ஒருவர் கொல்லப்பட்டார்.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841இல் பிரிட்டனுக்கு எழுதிய கடிதம் இரு அளவுகோல்களை வகுத்தது: ஆபத்து வேறு வழியோ யோசிக்க அவகாசமோ தராததாக இருக்கவேண்டும், பதிலடி தேவைக்கு மிஞ்சக்கூடாது. விடியும்வரை காத்திருக்க முடியாதிருந்ததா என்பதையும் பிரிட்டன் நிறுவவேண்டும் என்றார். பயங்கரவாதத்தை எதிர்க்கும் எந்த அரசும் இக்கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

ஐ.நா. சாசனத்தின் 51ஆம் உறுப்பு, ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால் தற்காப்பு உரிமையை ஏற்கிறது; தாக்கியவர் அரசாகவே இருக்கவேண்டும் என்று அது கூறவில்லை. அமெரிக்கா மீதான பயங்கரவாதத் தாக்குதல்களுக்கு மறுநாள், 2001 செப்டம்பர் 12 அன்று, பாதுகாப்பு அவையின் 1368ஆம் தீர்மானமும் அவ்வுரிமையை ஏற்றது. பன்னாட்டு நீதிமன்றமோ 2004இல், இஸ்ரேல் எழுப்பிய சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்தில், ஓர் அரசு மற்றோர் அரசைத் தாக்குவதோடு அவ்வுறுப்பைப் பொருத்தியது. சில நீதிபதிகள் இதை ஏற்கவில்லை.