வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் பழைய கடன்கள்: எழுத வேண்டுமா, மறைக்கலாமா?

வீடு கட்ட வங்கியில் கடன் கேட்கும்போது, ஏற்கெனவே இருக்கும் சின்னச் சின்னக் கடன்களையும் எழுதத்தான் வேண்டுமா? மொரப்பூர், அரூர் பக்கம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஏஜெண்ட் சொன்ன பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "அதையெல்லாம் எழுதாதீங்க பாய், லோன் குறைஞ்சிடும்."

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். வட்டியுடன் கூடிய வீட்டுக் கடன் கூடுமா என்பது வேறு மஸ்அலா. பெரும்பாலான உலமாக்கள் கூடாது என்கிறார்கள். நாமும் அதையே சொல்கிறோம். நம் நாட்டில் வட்டியில்லா வங்கி முறையை மேற்கொண்டு பரிசீலிப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் முடிவெடுத்துவிட்டது. பைத்துல்மால், அழகிய கடன், பங்குமுறை என்று வழி தேடுபவர்களும் இருக்கிறார்கள், வங்கிக்கே போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை இரு சாராருக்கும் பொருந்தும். கடன் கேட்கும்போது, தருபவரிடம் நம் நிலையை உள்ளபடி சொல்வது இரண்டு இடத்திலும் ஒரே கடமைதான்.

"வட்டி வாங்குகிற வங்கிதானே, அதனிடம் என்ன உண்மை வேண்டியிருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்த வாதம் நிற்காது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றது எதற்காக? தம்மிடம் குறைஷிகள் கொடுத்து வைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக. ஊரை விட்டே விரட்டியவர்களிடமும் வாங்கல் கொடுக்கலில் நேர்மை தவறவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பார்த்து நம் வாக்குமூலம் மாறக் கூடாது.

கடனிலிருந்து பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் துஆ செய்வதைக் கண்டு, ஏன் இவ்வளவு அதிகமாகக் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லும் நிலைக்கும், வாக்களித்தால் மீறும் நிலைக்கும் போய்விடுகிறான் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் வருகிறது. கடன் வந்த பிறகு மனிதன் பொய்க்குத் தள்ளப்படுகிறான் என்பது அங்கே சொல்லப்பட்ட அச்சம். நாமோ கடனை வாங்குவதற்கே பொய்யில் தொடங்குகிறோம்.

பட்டியலில் தெரிகிற கடன்கள்

மறைக்கலாம் என்று நினைக்கும் கடன்களில் பாதிக்கு மேல் மறைக்கவே முடியாதவை. இந்தியாவில் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நம் கடன் விவரங்களை இவற்றுக்குக் கொடுக்க வேண்டும். வண்டிக் கடன், கிரெடிட் கார்டு, கல்விக் கடன், வங்கியில் வைத்த நகைக் கடன், தவணையில் வாங்கிய போன், மொபைல் செயலியில் எடுத்த சில ஆயிரம் எல்லாம் ஒரே தாளில் வந்து நிற்கும். 2025 ஜனவரி முதல் இந்த விவரங்களைக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது.

மகளிர் குழுக் கடனும் இதில் வரும். நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989-இல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். சேமிப்பில் தொடங்கிய அந்தப் பழக்கத்தின் பக்கத்திலேயே பின்னாளில் தனியார் நுண்கடன் நிறுவனங்களும் வந்து, வீட்டு வாசலிலேயே குழு சேர்த்துக் கடன் கொடுத்தன. ஒரே குடும்பம் நான்கைந்து நிறுவனங்களில் வாங்குவதும், ஒன்றை அடைக்க இன்னொன்றை எடுப்பதும், ஒருவரிடம் வாங்கியதை மற்றவரிடம் சொல்லாததும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2010-இல் ஆந்திராவில் நாடே பார்த்தது. வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்தன. மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகுதான் குழுக் கடன்களையும் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவது இறுக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுப்பவர், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்க்க வேண்டும்.

எனவே மனைவியைச் சேர்த்து வீட்டுக் கடன் கேட்கும்போது, அவருடைய குழுக் கடன் வங்கி மேலாளரின் திரையில் முதலிலேயே தெரியும். கணவருக்கு அப்போதுதான் தெரியவரும் வீடுகளும் உண்டு. அதேபோல கணவர் நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து அன்றுதான் மனைவிக்குத் தெரியவரும். ஜாமீனும் பட்டியலில் வரும். ஷரீஅத்திலும் கஃபாலத் என்பது வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல; கடன்பட்டவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரிடம் கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு.

பட்டியலில் தெரியாதவை

நேர்மை உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். எடுத்துவிட்ட ஏலச்சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணை, தண்டல்காரரிடம் வாங்கியது, அடகுக் கடையில் இருக்கும் மனைவியின் வளையல், சவூதியில் இருக்கும் மச்சானிடம் வாங்கிய கைமாற்று, ஜமாஅத் பைத்துல்மாலில் வாங்கிய அழகிய கடன். இவை பெரும்பாலும் எந்தத் திரையிலும் வராது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் இவற்றுக்கும் பணம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடும்பத்தின் மாத வருமானம் 40,000 ரூபாய். வங்கி இதில் பாதி, அதாவது 20,000 வரை தவணைகளுக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்கிறது. இருபது லட்சம் ரூபாய், இருபது ஆண்டுகள், 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000. இந்தக் குடும்பத்துக்கு வண்டிக் கடன் 3,200, குழுக் கடன் 2,600, சீட்டு 5,000 ஏற்கெனவே இருக்கிறது. மூன்றையும் மறைக்க முடிந்தால் இருபது லட்சமும் கிடைக்கும். ஆனால் மாதம் 28,800 கட்டிவிட்டு, மீதி 11,200-இல் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் முடிய வேண்டும். மூன்றையும் சொன்னால் வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 9,200 தான். கிடைப்பது பத்து லட்சத்துக்குச் சற்று மேல். வீடு சிறியதாகும், அல்லது சீட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். கசப்பான கணக்குதான். ஆனால் மறைத்தவர் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது எது? வங்கித் தவணை அல்ல. அது தவறினால் நோட்டீஸ் வரும் என்று பயம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படும் மச்சானின் பணமும் பைத்துல்மால் பணமும்தான் நிற்கும். வங்கியிடம் சொன்ன பொய்யின் சுமை கடைசியில் நம் உறவினர் தலையிலும் ஊரில் அடுத்து உதவி கேட்டு நிற்கும் ஏழையின் தலையிலும் இறங்குகிறது.

மஹரைப் பற்றியும் கேட்கிறார்கள். கொடுக்காமல் நிற்கும் மஹர் கடன்தான். கணவர் இறந்தால் வாரிசுப் பங்கு பிரிப்பதற்கு முன் அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் வங்கிப் படிவம் தவணைக் கடன்களைத்தான் கேட்கிறது என்றால், மஹரை எழுதாதது பொய்யாகாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதே கடமை. எல்லாப் பொறுப்புகளையும் எழுதச் சொல்லும் படிவங்களும் உண்டு. உறவினரிடம் வாங்கியதற்கே தனி வரி இருந்தால் அங்கே "இல்லை" என்று எழுதக் கூடாது. பைத்துல்மாலிலோ அழகிய கடன் தரும் சகோதரரிடமோ சிபில் தாள் கிடையாது. நம் வாய்ச்சொல்தான் அங்கே தாள். ஆகவே வங்கியில் சொன்னதைவிட அங்கே விரிவாகவே சொல்ல வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், கொடுத்த விவரங்கள் உண்மை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறோம். தெரிந்தே பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மற்ற தரப்புக்கு உரிமை தருகிறது. ஏமாற்றிப் பணம் பெறுவது குற்றமும் ஆகும். முன்பு 420 என்று சொல்லப்பட்ட பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகியிருக்கிறது. தவணை 90 நாள் நின்றுவிட்டால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமான வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் வங்கி இறங்கலாம்.

விண்ணப்பிக்கும் முன்

ஏஜெண்டிடம் போவதற்கு முன்பே கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டினால் முறையிடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க விதி இருக்கிறது. "செட்டில்டு" என்று இருந்தால் முழுதாக அடைக்கவில்லை, பேசிக் குறைத்துக் கட்டினோம் என்று பொருள். அது ஏன் நடந்தது என்று மேலாளரிடம் நேராகச் சொல்வது நல்லது. பிறகு இருவரும் ஒரே நோட்டில் பட்டியலில் இல்லாத கடன்களையும் எழுதுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்டது (2:282) என்பதை நாம் நிக்காஹ் பயானில்கூடச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். சிறு கடன்களை முதலில் அடைத்து நிலுவையில்லாச் சான்று வாங்கிவிட்டால், உண்மையைச் சொல்லியே கூடுதல் தொகை கேட்கலாம்.

ஏற்கெனவே மறைத்து விண்ணப்பித்துவிட்டவர், பணம் கைக்கு வருவதற்கு முன் கிளைக்குப் போய்த் திருத்திக் கொடுக்கட்டும். விண்ணப்பத்தில் விட்டுப்போன விவரம் என்று ஒரு கடிதம் போதும். பணம் வந்து வீடும் எழும்பிவிட்டது என்றால், தவ்பாவோடு தவணைகளைத் தவறாமல் கட்டட்டும். அந்த வீட்டின் மேல் கூடுதல் கடன் எடுக்காமல், முதலில் உறவினரிடமும் பைத்துல்மாலிலும் வாங்கியதை அடைக்கட்டும். அடைக்கத் தாமதமாகும் என்றால், அவர்கள் கேட்டு வருவதற்கு முன் தாமே போய் அவகாசம் கேட்கட்டும்.